ரெண்டு லைனும் ஒரே போஸ்ட்டில்: ரூட்டரோ லிங்க்கோ செத்தாலும் நெட்வொர்க் நிற்காமல் இருக்க

மாலை ஆறே முக்கால். நூல் மூட்டை ஏற்றிய லாரி பிவண்டிக்குப் புறப்பட கேட்டில் நிற்கிறது. டெஸ்பாட்ச்சில் இருக்கும் தங்கச்சி இ-வே பில் (சரக்கு லாரிக்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய சீட்டு) பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறது; வட்டம் சுற்றுகிறதே ஒழிய பக்கம் வரவில்லை. நான் ரூட்டர் லாகைத் திறந்தேன். முதல் லிங்க் (இன்டர்நெட் லைன்) போனது 6:41. இரண்டாவது லிங்க் போனதும் 6:41.

வாட்ச்மேன் ஐயா போன் செய்தார். "சார், வைக்கோல் லாரி ஒண்ணு போச்சுங்க. ரோட்டுக்குக் குறுக்கால இருந்த வயரையெல்லாம் இழுத்துட்டே போயிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டு தனித்தனி கம்பெனிகளின் ஃபைபர். இரண்டும் ஒரே போஸ்ட்டிலிருந்து, ஒரே கட்டுக்கம்பியில் சேர்த்துக் கட்டி, ரோட்டைத் தாண்டி வந்திருக்கின்றன. இரண்டாவது லைன் எடுக்கும்போது "இனிமேல் நெட் போகவே போகாதுங்க" என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். அவர் அன்றைக்குக் கோபப்படவில்லை. "ரெண்டுக்கும் மாசாமாசம் பில் கட்டறோமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதினொரு வருஷமாக நெட்வொர்க் பார்க்கிறேன். மூன்று யூனிட், சுமார் 200 கம்ப்யூட்டரும் போனும் கேமராவும். அந்த வைக்கோல் லாரிக்குப் பிறகு நான் செய்தவற்றை, செய்து கெடுத்தவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். உங்களுடையது பள்ளிக்கூடமாக இருக்கலாம், நர்சிங் ஹோமாக இருக்கலாம். முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் நடந்து போய்ப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் டயகிராம் வரைவதற்கு முன்னால் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு லிங்க் வரும் வழியிலேயே எதிர்த்திசையில் போங்கள். நான் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, மெயின் ரோடு வரைக்கும் போஸ்ட் போஸ்ட்டாகப் போனேன். மூன்று கிலோமீட்டரில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு ஃபைபரும் ஒன்றாகவே போகின்றன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பாதி வழியில் கிடைத்தது. எங்கள் இரண்டாவது லிங்க் தினமும் ராத்திரி பதினொரு மணிவாக்கில் போய், விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக வந்துவிடும். ஆறு மாதமாகக் கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டு ஓய்ந்துபோயிருந்தேன். ரோட்டோரத்தில் ஒரு பேக்கரியின் பின்சுவரில் சின்னத் தகரப்பெட்டி. உள்ளே மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றும் பெட்டி). அதன் அடாப்டர் பேக்கரியின் ப்ளக்கில். பேக்கரிக்காரர் கடையைச் சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிறார். அவர் மேல் என்ன தப்பு?

திரும்பி வந்து, நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே ஒரு கேள்வி: இது இப்போது செத்தால் யார் யாருக்கு வேலை நிற்கும்? ரூட்டர், ஸ்விட்ச், ஃபைபர் மட்டும் எழுதினால் போதாது. அடாப்டர், யூபிஎஸ், யூபிஎஸ்ஸுக்கு வரும் எம்சிபி (ப்ரேக்கர்), ராக் (ரூட்டரும் ஸ்விட்ச்சும் அடுக்கிய அலமாரி) இருக்கும் அறையின் ஏசி எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் 31 வரி வந்தது. அதில் ஒன்பது வரிக்கு எதிரே "எல்லாருக்கும்" என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ஒன்பதுதான் வேலை. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு. 99 சதவீதம் ஓடும் லிங்க் வருஷத்துக்கு 87 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். கிட்டத்தட்ட மூன்றரை நாள். அதே மாதிரி இரண்டு லிங்க் வைத்து, ஒன்றின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வருஷத்துக்கு 53 நிமிஷம். மூன்றரை நாள் 53 நிமிஷமாகச் சுருங்குவது அந்த "சம்பந்தமே இல்லை" என்ற நிபந்தனையால்தான். ஒரே போஸ்ட்டில் கட்டிய அன்றைக்கே அது போய்விட்டது.

இது சின்ன ஊர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தில் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே ஸீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்கள் ஒரே நாளில் பழுதாகி, இந்தியா முழுக்க இன்டர்நெட் நொண்டியடித்தது. வேறு வேறு ஆட்கள் போட்ட கேபிள்கள்தான். ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் குறுகலான வழியாகத்தான் போக வேண்டும். அவர்களுக்கு அலெக்சாண்ட்ரியா, எங்களுக்கு அந்தப் போஸ்ட்.

இரண்டாவது லிங்க் வேறு சாதியாக இருக்கட்டும்

ஃபைபருக்கு மாற்று இன்னொரு ஃபைபர் என்றால், வேறு ரோட்டில் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனைக்கு வருகிற தம்பி "வேற ரூட்தான் சார்" என்று வாயால் சொல்வார். மேப்பில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். தர முடியாவிட்டால் போஸ்ட்டைப் பார்த்து நீங்களே கோடு போடுங்கள்.

நாங்கள் இரண்டாவது ஃபைபரை விட்டுவிட்டு ரேடியோ லிங்க் எடுத்தோம். மில்லின் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு சின்ன டிஷ். எதிர்த்திசையில் நான்கு கிலோமீட்டரில் ரேடியோ லிங்க் தரும் கம்பெனியின் டவர். 5 கிகாஹெர்ட்ஸ் மழைக்கு அவ்வளவாக அசையாது. இடிக்குத்தான் பயப்பட வேண்டும். டிஷ்ஷுக்கு எர்த்திங்கும், கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டரும் போடாமல் ஆன் செய்யாதீர்கள். மூன்றாவதாக ஒரு 4ஜி ரூட்டர், சிம்மோடு. அதில் கேமராவெல்லாம் ஓடாது. இ-வே பில்லும் மெயிலும் பேங்க்கும் ஓடும். லாரியைக் கிளப்ப அது போதும்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள்

இரண்டு லிங்க் வந்துவிட்டது. ஒன்று செத்தால் இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்று ரூட்டருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வயர்மேன் அண்ணன் சொல்வார்: "லைட்டெல்லாம் பச்சையாத்தானுங்க எரியுது." எரியும். ரூட்டருக்கும் பக்கத்து மீடியா கன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்கு அர்த்தம் கிடையாது. அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்து ரோட்டில் கிடந்தாலும் போர்ட் (ரூட்டரில் கேபிள் செருகும் இடம்) உயிரோடுதான் இருக்கும். டீஃபால்ட் ரூட் (வெளியே போக ரூட்டர் எடுக்கும் வழி) அப்படியே நிற்கும். அனுப்புகிற தகவல் துண்டுகள், அதாவது பாக்கெட்டெல்லாம், கிணற்றில் விழும். கம்பெனியின் கேட்வேயை (அவர்கள் பக்கத்து முதல் ரூட்டரை) பிங் செய்வது, அதாவது "இருக்கியா" என்று கேட்டுப் பதில் பார்ப்பது, ஒரு படி மேல். அதுவும் போதாது. கேட்வே உயிரோடிருந்து, அதற்கு மேலே அவர்கள் லிங்க் செத்திருக்கும் நாட்கள் வரும்.

அதனால் இன்டர்நெட்டில் தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பிங் செய்ய வேண்டும். இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன், கவனமாகப் படியுங்கள்.

முதல் லிங்க் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, கூகுளின் பொது சர்வர் முகவரியான 8.8.8.8-ஐ எடுத்துக்கொண்டேன். "8.8.8.8-க்குப் போக முதல் லிங்க்கின் கேட்வே" என்று ஒரு தனி ரூட். வினாடிக்கு ஒரு பிங். பதில் வராவிட்டால் ஸ்கிரிப்ட் டீஃபால்ட் ரூட்டை இரண்டாவது லிங்க்குக்கு மாற்றும். மேஜையில் சோதித்தபோது அழகாக ஓடியது. ஒரு நாள் மீடியா கன்வெர்ட்டரே கருகிப் போர்ட் அணைந்தது. போர்ட் அணைந்தால் அந்தத் தனி ரூட்டும் மறைந்துவிடும் அல்லவா? ஸ்கிரிப்ட் இரண்டாவது லிங்க்குக்கு மாற்றியது. அடுத்த வினாடி 8.8.8.8-க்குப் போகும் பிங்கும் டீஃபால்ட் வழியாக, அதாவது இரண்டாவது லிங்க் வழியாகவே போய், பதிலோடு திரும்பி வந்தது. "ஆஹா, முதல் லிங்க் பிழைத்துவிட்டது" என்று ஸ்கிரிப்ட் திரும்ப மாற்றியது. செத்தது. திரும்ப மாற்றியது. மூன்று மணி நேரம் இந்தக் கூத்து. நல்ல லிங்க் ஒன்று கையில் இருந்தும் யாருக்கும் வேலை நடக்கவில்லை.

மருந்து ஒரே வரி: அதே 8.8.8.8-க்கு இன்னொரு ரூட், பிளாக்ஹோல் வகை (வந்ததைத் தூக்கிப் போட்டுவிடும்), டிஸ்டன்ஸ் அதிகமாக (வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுக்கும்படி) வைத்து. முதல் லிங்க்கின் ரூட் மறைந்தால் பிங் பிளாக்ஹோலில் விழும், பக்கத்து வழியில் நழுவாது. இரண்டாவது லிங்க்குக்கு இன்னொரு பொது சர்வரான 1.1.1.1-ஐ வைத்து இதே ஏற்பாடு. மைக்ரோடிக் கம்பெனி ரூட்டர் வைத்திருந்தால் ஸ்கிரிப்ட்டே இல்லாமல், டீஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக 8.8.8.8-ஐயே கொடுத்து, செக் கேட்வே பிங் என்று வைத்துவிடலாம். ரிக்கர்சிவ் ரூட் என்பார்கள். ஸ்கோப், டார்கெட் ஸ்கோப் எண்கள் வெர்ஷன் 6-க்கும் 7-க்கும் ஒரே மாதிரி இல்லை, பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே அடிக்காதீர்கள். அதில் மாறுவதற்குச் சுமார் 20 வினாடி ஆகும். மில்லுக்கு அது தாராளம்.

இப்படிக் கட்டிப்போட்ட முகவரியை ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) ஆகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் லிங்க் செத்தால் 8.8.8.8-க்கு வழியே கிடையாது என்று நாம்தானே பூட்டியிருக்கிறோம். நெட் இருக்கும், பெயர் திறக்காது.

அப்புறம், முழுதாகச் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் லிங்க். பத்துப் பாக்கெட்டில் மூன்று தொலைகிறது. ஒரு பிங் போனால் "உயிர் இருக்கு" என்று கணக்காகிவிடும். ஆனால் பேங்க் பக்கம் திறக்காது. ஒரே பிங்கைப் பார்க்காமல், கடைசி இருபதில் ஆறோ அதற்கு மேலோ தொலைந்தால் மாறு என்று வைத்தேன். திரும்பி வருவதற்கு வேறு அளவு: பத்து நிமிஷம் தொடர்ந்து நன்றாக இருந்தால்தான் பழைய லிங்க்குக்குத் திரும்ப வேண்டும். ஸ்ப்ளைஸ் (ஒட்டு) சரியில்லாத ஃபைபர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து வந்து போகும். அதோடு சேர்ந்து நாமும் ஆடினால், செத்த லிங்க்கைவிட அது மோசம். போவதற்கு அவசரப்படலாம், திரும்புவதற்குக் கூடாது.

மாறிய பிறகு உடைகிறவை

லிங்க் மாறினால் உங்கள் வெளி முகவரியும் மாறும். அதனால் ஒருசில விஷயங்கள் உடையும். முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது டிஎன்எஸ். முதல் கம்பெனியின் டிஎன்எஸ் முகவரியைக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்திருந்தால், இரண்டாவது கம்பெனி வழியாகப் போய்க் கேட்கும்போது அது பதில் தராது. பல கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தருவார்கள். ரூட்டரையே எல்லாருக்கும் டிஎன்எஸ் ஆக்குங்கள். ரூட்டர் எந்தக் கம்பெனியையும் சாராத இரண்டு மூன்று இடத்தில் கேட்கட்டும்.

இரண்டாவது, எங்கள் முகவரியை வைத்து உள்ளே விடுகிற இடங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் சர்வர் எங்கள் முதல் லிங்க்கின் ஸ்டேட்டிக் ஐபியை (மாறாத வெளி முகவரியை) மட்டும் அனுமதித்திருந்தது. இரண்டாவதையும் சேர்க்கச் சொல்லி இன்றே மெயில் போடுங்கள். அவர்கள் பக்கத்தில் இரண்டு வாரம் ஆகும். 4ஜியில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி வெளி முகவரியே கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வரும் எதுவும் அதில் வராது. விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் தனி வழி) வேண்டுமென்றால் உங்கள் பக்கத்திலிருந்து கிளம்புகிற மாதிரி வையுங்கள்.

மூன்றாவது ஐபி போன். பிரவுசர் ஒரு தரம் ரிஃப்ரெஷ் செய்தால் பிழைத்துக்கொள்ளும். போன் பிழைக்காது. விடாமல் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால் ரூட்டரின் கனெக்‌ஷன் டேபிளில் பழைய லிங்க்கின் பதிவு காலாவதி ஆகாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். லிங்க் மாறும்போது பழைய லிங்க்கின் பதிவுகளை அழிக்கச் சொல்லி ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் எங்கள் போன்கள் தானாக எழுந்தன.

ரூட்டரே செத்தால்

இங்கே என் சொந்த அபிப்பிராயம். இருபது முப்பது பேர் இருக்கும் ஆபீஸுக்கு இரண்டு ரூட்டரை ஒன்றாக ஓட்ட வேண்டியதில்லை. அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அதே கான்ஃபிக்கை ஏற்றி, எந்தப் போர்ட்டில் எந்த கேபிள் என்று ஸ்டிக்கர் ஒட்டி, அலமாரியில் வையுங்கள். செத்தால் வாட்ச்மேன் கூட பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். லிங்க் சாகிற அளவுக்கு ரூட்டர்கள் சாவதில்லை. காசு குறைவாக இருந்தால் முதலில் இரண்டாவது லிங்க், அடுத்து கரண்ட், அதற்கப்புறம்தான் இரண்டாவது ரூட்டர்.

ராத்திரி ஷிஃப்ட் ஓடுகிற எங்கள் மாதிரி இடத்துக்கு ஆள் வந்து மாற்றுகிற வரை காத்திருக்க முடியாது. அதற்கு விஆர்ஆர்பி. விஷயம் எளிது. கம்ப்யூட்டர்களுக்குக் கேட்வே என்று 192.168.10.1 கொடுத்திருக்கிறோம். நிஜத்தில் எந்த ரூட்டருக்கும் அந்த முகவரி சொந்தமில்லை. ஒன்று 10.2, இன்னொன்று 10.3. 10.1 என்ற நாற்காலியில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பவர் வினாடிக்கு ஒரு தரம் "நான் இருக்கேன்" என்று 224.0.0.18 என்ற முகவரிக்குக் குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் குரல் கேட்காமல், இன்னும் ஒரு கொசுறு நேரமும் கழிந்தால், மற்றவர் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கொசுறு, 256-லிருந்து பிரையாரிட்டி எண்ணை (பெரிய எண் உள்ளவருக்குத்தான் நாற்காலி) கழித்து 256-ஆல் வகுத்தது. பிரையாரிட்டி 100 என்றால் 0.6 வினாடி, ஆக மொத்தம் 3.6 வினாடி. நாற்காலிக்கென்றே ஒரு மேக் முகவரியும் (கருவியை அடையாளம் காட்டும் எண்) உண்டு, உட்காரும் ஆள் மாறினாலும் அது மாறாது. அதனால் கம்ப்யூட்டர்களுக்கு நடந்தது தெரியாது. சிஸ்கோவில் எச்எஸ்ஆர்பி என்று இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. அதில் குரல் மூன்று வினாடிக்கு ஒரு தரம், பொறுமை பத்து வினாடி. அதில் பழைய ஆள் திரும்பி வந்தால் நாற்காலியைக் கேட்கமாட்டார். விஆர்ஆர்பியில் நாம் தடுக்காவிட்டால் கேட்பார்.

எங்களிடம் ரூட்டர் ஒன்றுக்கு ஃபைபர், ரூட்டர் இரண்டுக்கு ரேடியோவும் 4ஜியும். முதலாவதன் பிரையாரிட்டி 150, இரண்டாவதன் பிரையாரிட்டி 100. ஃபைபர் செத்தால் முதலாவது தன் பிரையாரிட்டியில் 60-ஐக் குறைத்துக்கொள்ளும். 90 ஆனதும் நாற்காலி கைமாறும். இந்தக் குறைப்பை வைக்காமல் விஆர்ஆர்பி மட்டும் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரூட்டர் உயிரோடு, லிங்க் பிணமாக; ஆனாலும் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று கத்திக்கொண்டு நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு கஷ்டம்: குரல் போகிற வழி அறுந்தால் இருவருமே "மற்றவர் செத்தார்" என்று முடிவு செய்து, இருவருமே உட்கார்ந்துவிடுவார்கள். பாதி ஆபீஸ் ஒருவரிடம், பாதி மற்றவரிடம், சில நேரம் யாரிடமும் இல்லை. இரண்டு ரூட்டரையும் இரண்டு ஸ்விட்ச்சில் மாட்டி, அந்த இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே ஒரே ஒரு கேபிள் வைத்திருந்தால் இது நடக்கும். நடுவே இரண்டு கேபிள் போட்டு எல்ஏசிபியில் (பல கேபிளை ஒரே லிங்க்காக ஓட்டும் முறை) சேர்த்துக் கட்டுங்கள்.

ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளை) இரண்டு ரூட்டரிலும் ஒரே ராத்திரியில் ஏற்றாதீர்கள். இரண்டாவதில் ஏற்றி, ஒரு வாரம் நாற்காலியை அதனிடம் கொடுத்து ஓட்டிவிட்டு, பிறகு முதலாவதில். அதே பூச்சி (மென்பொருள் பிழை) இரண்டிலும் இருந்தால் இரண்டு ரூட்டர் என்பது ஒரு ரூட்டர்தான்.

உள்ளே: ஸ்விட்ச்சும் சுற்றும்

மூன்று யூனிட்டுக்கும் நடுவே ஃபைபர் வளையம் போட்டிருக்கிறோம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். வளையம் என்றால் பாக்கெட் முடிவில்லாமல் சுற்றும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை 1985-இல் டெக் கம்பெனியில் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி வகுத்தார். தேவையில்லாத ஒரு வழியைத் தூங்க வைத்து, தேவைப்படும்போது எழுப்புவதுதான் வேலை. பழைய வகையில் எழுப்ப 30 முதல் 50 வினாடி ஆகும். 2001-இல் வந்த ரேபிட் வகையில் அநேகமாகக் கண்ணிமைக்கும் நேரம், போனால் சில வினாடி. உங்கள் ஸ்விட்ச்சில் எது ஓடுகிறது என்று பாருங்கள். பழையது என்றால் மாற்றுங்கள்.

ஸ்பேனிங் ட்ரீக்குத் தலைமை ஸ்விட்ச் (ரூட் பிரிட்ஜ்) எது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எல்லா ஸ்விட்ச்சும் 32768 என்ற எண்ணோடுதான் பிறக்கும். எண் சமம் என்றால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும்; அது பெரும்பாலும் இருப்பதிலேயே கிழட்டு ஸ்விட்ச். எங்கள் மில்லில் கேன்டீன் அலமாரி மேல், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த ஒரு எட்டுப் போர்ட் ஸ்விட்ச்தான் பல வருஷம் மொத்த நெட்வொர்க்குக்கும் தலைவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது சர்வர் ரூமில் உள்ளதற்கு 4096, அடுத்ததற்கு 8192. ஆட்கள் கை படும் போர்ட்களில் பிபிடியு கார்டு (அங்கே இன்னொரு ஸ்விட்ச்சோ சுற்றோ தெரிந்தால் போர்ட்டை அணைத்துவிடும்). மேஜைக்கடியில் சும்மா கிடக்கும் கேபிளின் இரண்டு முனையையும் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒரே ஸ்விட்ச்சில் செருகுகிற புண்ணியவான் எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார்.

யூனிட்டுக்கு யூனிட் ரூட்டர் வைத்து ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பத்து வினாடிக்கு ஒரு ஹலோ, நாற்பது வினாடி மௌனமானால்தான் பக்கத்து ரூட்டர் செத்ததாகக் கணக்கு. நடுவில் மீடியா கன்வெர்ட்டரோ ரேடியோவோ இருந்தால் போர்ட் அணையாது, முழு நாற்பதும் கழியும். ஹலோ இடைவெளியைக் குறைப்பதைவிட பிஎஃப்டி (பக்கத்து ரூட்டர் உயிரோடிருக்கிறதா என்று மட்டும் வேகமாகப் பார்க்கும் முறை) போடுங்கள். 300 மில்லிவினாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் செத்தது. ஒரு வினாடிக்குள் தெரிந்துவிடும். ரேடியோ லிங்க்கில் மட்டும் இவ்வளவு அவசரம் வேண்டாம், சும்மாவே தவறவிடும்.

கரண்டும் பஞ்சும்

இரண்டு ரூட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில் என்றால் யூபிஎஸ்தான் உங்கள் ஒற்றை ரூட்டர். எங்களிடம் ஒரு தடவை பேட்டரி உப்பி யூபிஎஸ் அணைந்தபோது, ஈபி கரண்ட் இருந்தும் எல்லாம் இருட்டு. இப்போது ரூட்டர் ஒன்றும் ஃபைபர் கன்வெர்ட்டரும் ஒரு யூபிஎஸ். ரூட்டர் இரண்டும் ரேடியோவின் அடாப்டரும் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு எம்சிபியில், வேறு வேறு அறையில். அந்தந்த லிங்க்கின் அடாப்டர் அந்தந்த ரூட்டரின் யூபிஎஸ்ஸிலேயே இருப்பது முக்கியம். குறுக்கே மாறிவிட்டால் ஒரு யூபிஎஸ் இரண்டு லிங்க்கையும் கொல்லும். பேக்கரி அடாப்டர் கதை முடிந்தது வேறு விதமாக: அந்த ஃபைபரையே விட்டுவிட்டோம்.

மில்லுக்கென்று ஒரு வியாதி, பஞ்சு. காற்றில் மிதந்து ஃபேனில் மெத்தைபோல் படியும். ஃபேன் இல்லாத ரூட்டராக வாங்குங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை, அணைத்துவிட்டு, ப்ளோயரால் ஊதுங்கள்.

பூட்டின சாவி உள்ளேயே

2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நம் ஊரில் வாட்ஸ்அப் நின்றது ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக் கம்பெனியில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய பேக்போன் (டேட்டா சென்டர்களை இணைக்கும் நடு நெட்வொர்க்) முழுவதையும் துண்டித்துவிட்டது. டேட்டா சென்டரைத் தொட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், "எனக்கு உடம்பு சரியில்லை" என்று தங்கள் முகவரியை இன்டர்நெட்டிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டன. சுமார் ஆறு மணி நேரம். சரிசெய்யப் போனவர்களுக்கும் அதே நெட்வொர்க்தான் வழி. அடுத்த வருஷம் ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் என்ற டெலிகாம் கம்பெனிக்கும், ஒரு ஃபில்டரை நீக்கியதால் நடு ரூட்டர்கள் அளவுக்கு மீறிய ரூட் தகவலில் மூழ்கின. அங்கேயும் ஆட்களின் போன்கள் அதே நெட்வொர்க்கில். ரூட்டர், லிங்க் எல்லாம் அவர்களிடம் ஏராளமாக இருந்தன.

அந்த 4ஜி ரூட்டரை எதற்கு இரண்டாவது ரூட்டரில் மாட்டினேன் என்று இப்போது புரியும். எல்லாம் போனாலும், அது வழியாக மில் பக்கத்திலிருந்து கிளம்பி நிற்கும் விபிஎன்னில் வீட்டிலிருந்து உள்ளே போய், முதல் ரூட்டரின் கன்சோலை (நேரடிக் கட்டுப்பாட்டு போர்ட்டை) தொட முடியும். சிம் மட்டும் நான் போன் வைத்திருக்கிற கம்பெனியுடையது கிடையாது. தூரத்திலிருந்து கான்ஃபிக் மாற்றும்போது, பத்து நிமிஷத்தில் நான் "சரி" சொல்லாவிட்டால் பழையதுக்கே திரும்பு என்று வைத்துவிட்டுத்தான் தொடுவேன். ஜூனிப்பர் ரூட்டரில் இதற்குக் கமிட் கன்ஃபர்ம்ட்; மைக்ரோடிக்கில் சேஃப் மோட், அதில் தொடர்பு அறுந்தால் பழையதுக்குத் திரும்பும்.

நீங்களே பிடுங்குங்கள்

ரேடியோ லிங்க் வைத்த முதல் வருஷம், அது செத்து மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஃபைபர் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கத்தவில்லை. மாற்று வழி வைத்த நெட்வொர்க்கில் முதல் சாவுக்குச் சத்தமே கிடையாது. அதனால் எந்த லிங்க், எந்த ரூட்டர், எந்த யூபிஎஸ் நிலை மாறினாலும் என் டெலிகிராமுக்குச் செய்தி வரும். எல்லாமே ஒன்றாகச் செத்தால் செய்தி அனுப்பவும் வழி இருக்காது. அதற்காக வெளியில் ஒரு சின்ன வாடகை சர்வர் மில்லைப் பிங் செய்துகொண்டே இருக்கிறது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, ஷிஃப்ட் மாறும் ஏழு மணிக்கு முன்பு, சோதனை. கட்டளை கொடுத்து அணைப்பது கிடையாது, கையால் பிடுங்குவோம். முதலில் ஃபைபரை, கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம். அதாவது ரூட்டர் போர்ட் பச்சையாகவே இருக்கும்படி. அடுத்து ரூட்டர் ஒன்றின் பவர். அடுத்து ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே ஒரு கேபிள். கடைசியாக யூபிஎஸ்ஸின் எம்சிபி. ஒவ்வொரு முறையும் ஒரு லேப்டாப்பில் பிங் ஓடும், ஒரு போனில் கால் ஓடும், டெஸ்பாட்ச்சில் இ-வே பில் பக்கம் திறந்திருக்கும். எத்தனை பிங் தவறியது, கால் அறுந்ததா, திரும்ப மாட்டிய பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வந்தது: இந்த மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

பிடுங்குகிற வேலை வயர்மேன் அண்ணனுடையது. எப்போது, கூடுதலாக எதை என்று என்னிடம் சொல்ல மாட்டார். அது நான் கேட்டுக்கொண்ட ஏற்பாடு. போன ஞாயிறு சோதனை வரிசையில் இல்லாத ஒன்றைப் பிடுங்கினார்: சர்வர் ரூம் ஏசியை. நாற்பது நிமிஷத்தில் ராக் அலாரம் அடித்தது. நோட்டில் 32-வது வரியாக அலாரத்துக்கும் ஒரு பேட்டரி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அது ஏசி லைனிலேயே ஓடிக்கொண்டிருந்திருந்தால் அன்றைக்கு அடித்தே இருக்காது.